முள்ளெலி இருந்த இடம்

நம்ம பள்ளிக்கூடத்தில் என்னோடு ஆறாம் வகுப்பு படித்தவர்களுக்கு என் முகம் ஒருவேளை ஞாபகம் இருக்கலாம். நான் பேசியது எதுவும் ஞாபகம் இருக்காது, ஏனென்றால் நான் பேசவே இல்லை. மூன்றாவது பெஞ்சில் சுவரோரம் உட்கார்ந்திருந்தவள் நான். வருகைப் பதிவு எடுக்கும்போது பக்கத்தில் இருப்பவள்தான் என் கையைப் பிடித்துத் தூக்கிவிடுவாள். இப்போது நமக்கெல்லாம் நாற்பது நெருங்கிவிட்டது. காதோர நரைக்குக் கருப்பு போட்டுக்கொண்டு கம்பெனி வேனுக்கு ஓடுகிறோம். அந்த ஐப்பசியில் நடந்ததை உங்களில் யாருக்கும் நான் சொன்னதில்லை. நீங்கள் கேள்விப்பட்டது பாதிதான். அதுவும் தப்பான பாதி.

பள்ளிக்கூடத்து மதில்மேல் ஏறி உட்கார்ந்தால் கிளுவை வேலி தெரியுமே, அந்தக் கொறங்காட்டைப் பற்றித்தான் சொல்கிறேன். உழாமல், விதைக்காமல், ஆடு மாடு மேய்வதற்கென்றே விட்டுவைத்த புல்காடு. அங்கங்கே வெள்வேல மரம், நடுவில் ஒரு கல்குவியல். அதில் நாலு ஏக்கரைக் காட்டுக்காரர் ஒரு காலேஜுக்கு மூன்று வருசத்துக்கு ஒதுக்கிக் கொடுத்தார். அந்த மூன்று வருசமும் ஆடு மாடு விடக்கூடாது, மரம் வெட்டக்கூடாது, கல்லைப் புரட்டக்கூடாது. மனிதர் கை படாமல் விட்டால் அங்கே என்னென்ன முளைக்கிறது, என்னென்ன வந்து தங்குகிறது என்று பார்த்து எழுதுவதற்காக. வாசல் படலைக் கம்பி போட்டுக் கட்டி ஒரு தகரப் போர்டும் மாட்டினார்கள்.

ஊரில் சிரித்தார்கள். "மாட்டுக்குப் பூட்டுப் போட்டுட்டு புல்லுக்கு லீவு உட்டுருக்காங்க" என்று பால் சொசைட்டியில் ஒருத்தர் சொன்னார். அன்று முழுக்க எல்லோரும் அதையே சொல்லிச் சிரித்தார்கள்.

எழுதுவதற்காகக் கோயமுத்தூரிலிருந்து வந்தவள்தான் நோட்டு அக்கா. எப்போதும் கையில் நோட்டு இருக்கும், அதனால் அந்தப் பேர். காட்டுக்காரரின் மோட்டார் ரூமில் ஒரு பாதியை அவளுக்குக் கொடுத்திருந்தார்கள். என்னை அவள் சேர்த்துக்கொண்டதற்கு நான் கெட்டிக்காரி என்பது காரணமில்லை. கிளுவை வேலிக்கடியில் நுழையும் அளவுக்கு ஒல்லியாக இருந்தேன், பேசாமலும் இருந்தேன். காலையில் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ஒரு மணி நேரம் அவளோடு போவேன். குச்சி நட்ட இடங்களில் புல்லின் உயரத்தை ஸ்கேலால் அளந்து விரலால் காட்டுவேன். அவள் எழுதிக்கொள்வாள்.

ஒருநாள் காட்டுக்காரர் படலுக்கு வெளியே நின்றுகொண்டு அவளிடம் கேட்டது எனக்கு அப்படியே காதில் இருக்கிறது.

"ஏனுங்க அம்மிணி, உள்ள உருப்படியா ஏதாச்சும் இருக்குதுங்களா? என்ற பையன் சைட் போட்டு விக்கோணும்னு குதிக்கறான். டையிங் பட்டறை வெக்கறதுக்குக்கூட ஆள் கேக்கறாங்க."

"இருக்குங்க ஐயா. கொஞ்சம் டைம் குடுங்க. கண்ணுல காட்டறேன்."

"காட்டுங்க. நான் கண்ணுல பாத்துட்டா அவன்கிட்ட நான் பேசிக்கறேன்."

அவள் காட்ட நினைத்தது முள்ளெலியை. கல்குவியலுக்கும் வேலிக்கும் நடுவில், கிளுவை வேருக்கு அடியில் ஒரு பொந்து. அதில் ஒரு பெட்டை இருந்தது. சுருட்டிக்கொண்டால் விளாங்காய் அளவு. தொட்டால் புஸ் புஸ் என்று மூச்சு விடும். மறுபடி பார்த்தால் அதுதானா என்று தெரிவதற்காக முதுகில் நாலைந்து முள்ளின் நுனியில் அக்கா சிவப்பு நெயில்பாலிஷ் தடவிவிட்டாள். நான் அதுவரை நெயில்பாலிஷ் போட்டதில்லை. மிச்சத்தை என் சுண்டு விரலில் வைத்துவிட்டாள்.

மழை பிடித்த வாரத்தில் அது இரண்டு குட்டி போட்டது. காய்ந்த இலைக்குள் வெளுப்பாக, முள்ளெல்லாம் இன்னும் கெட்டிப்படாமல், கண் திறக்காமல் கிடந்தன. அக்கா இலையை மூடிவிட்டு என்னிடம் சொன்னாள். "இந்த இடம் உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். கண்ணு திறக்கிற வரைக்கும் யாருக்கும் தெரியக் கூடாது. ஊர்ல இதைப் பிடிச்சு என்ன பண்ணுவாங்கன்னு தெரியும்ல?"

தெரியும். நம் எல்லோருக்கும் தெரியும். கக்குவான் இருமல் வந்த குழந்தைக்கு முள்ளெலித் தோலைச் சுட்டு, தேனில் உரசிக் கொடுப்பார்கள். பேச வராத பிள்ளைக்கும் கொடுப்பார்கள். எனக்கும் கொடுத்ததாக அம்மா சொல்லியிருக்கிறாள். நான் தலையை ஆட்டினேன். பதினோரு வயதுப் பிள்ளையிடம் அப்படி ஒன்றை ஒப்படைப்பது எவ்வளவு பெரிய தப்பு என்று அவளுக்கும் தெரியவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

அடுத்த வாரம் என் தம்பிக்கு இருமல் வந்தது.

அவனுக்கு அப்போது நாலு மாதம். முதல் ஊசி போட்டபோது காய்ச்சல் வந்து இரண்டு நாள் கத்தினான் என்று அம்மா அடுத்த ஊசிக்குக் கொண்டுபோகவில்லை. "நல்லா இருக்கற புள்ளைய எதுக்குக் குத்தோணும்" என்றாள். இப்போது அந்த இருமல் தொடங்கினால் நிற்காமல் போகும். பத்து, பதினைந்து என்று நான் எண்ணுவேன். பிறகு மூச்சை உள்ளே இழுக்கும்போது ஊதல்போல ஒரு சத்தம். அந்தச் சத்தம் வருவதற்கு முந்தைய இடைவெளி இருக்கிறதே, அதில் வீடே மூச்சு விடாமல் நிற்கும். அம்மா கையில் கூலிக்கு வாங்கி வந்த பனியனும் பிசிறு வெட்டும் கத்தரியும் அப்படியே நிற்கும். சத்தம் வந்த பிறகுதான் கத்தரி மறுபடி நகரும்.

அப்பா டையிங்கில் வேலை. கையெல்லாம் ஒரு வாரம் நீலமாக இருக்கும், ஒரு வாரம் சிவப்பாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை வந்து, "நாளைக்கு லீவு சொல்லிட்டேன். காலைல வேன்ல திருப்பூர் கொண்டுபோயிரலாம்" என்றார். நான் தம்பியின் சட்டையை மடித்துப் பையில் வைத்தேன்.

அன்று சாயங்காலம் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் பவர்டேபிள் டெய்லர். எங்கள் வீட்டுக்கு வந்தால் சிரிப்பு வந்தது என்று அர்த்தம். தம்பிக்கு அவர் தைத்த சட்டைகளில் கம்பெனி லேபிளை வேண்டுமென்றே நெஞ்சில் வைத்துத் தைப்பார், "எக்ஸ்போர்ட் மாப்பிள்ளை" என்பார். அன்று அவர் சிரிக்கவில்லை. தம்பி இருமுவதை வாசற்படியில் நின்று ஒருதரம் பார்த்தார். பிறகு கொல்லைக்குப் போய்க் கடப்பாரையும் ஒரு சாக்கும் எடுத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

வேலிக்குப் பக்கத்தில் போனதும் நின்றார். வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. மழை ஈரத்தில் கொழுக்கட்டைப் புல் வாசம்.

"அம்முணி, நீ ஒண்ணும் எடுத்துக் குடுக்க வேண்டாம். வெரல மட்டும் நீட்டு. போதும்."

"இங்க ஒண்ணும் இல்லீங்க மாமா."

"இல்லாததுக்கா அந்தப் புள்ள கோயமுத்தூர்ல இருந்து வந்து குத்தவெச்சு உக்காந்திருக்குது? ஊருக்கே தெரியும் கண்ணு, நீ தெனமும் அவகூடப் போறது."

நான் தரையைப் பார்த்தேன். அவர் குனிந்து என் முகத்தைப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"உன்ற தம்பி போயிட்டான்னா இந்தக் காட்டை வெச்சு நீ என்ன பண்ணுவே?"

அவர் நின்ற இடத்திலிருந்து பொந்து எட்டடி இருக்கும். கடப்பாரை நுனியை மண்ணில் ஊன்றியிருந்தார். நான் பொந்தைப் பார்க்காமல் இருப்பதற்காகக் கழுத்தை எதிர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தேன். அதுவே காட்டிக்கொடுத்திருக்க வேண்டும். அவர் மெதுவாக என் கழுத்து திரும்பாத பக்கத்தைப் பார்க்க ஆரம்பித்தார். கல்குவியல். அதற்கப்பால் வேலி.

அப்போதுதான் எனக்கு அந்த டப்பா ஞாபகம் வந்தது.

மோட்டார் ரூம் அலமாரியில் ஒரு பிஸ்கட் தகர டப்பா இருந்தது. அதில் ஒரு முள்ளெலித் தோல். ரோட்டில் லாரி ஏறிச் செத்துக்கிடந்ததை எடுத்து அக்கா உப்புப் போட்டுக் காயவைத்து, காலேஜுக்குக் கொண்டுபோக வைத்திருந்தாள். சாவி செங்கல்லுக்கடியில். அக்கா சனிக்கிழமை ஊருக்குப் போனால் புதன்கிழமைதான் வருவாள்.

"மாமா, செத்தது ஒண்ணு இருக்குதுங்க. தோலு. நான் எடுத்துத் தர்றேன்" என்றேன். அன்றுவரை நான் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான்.

ஓடினேன். டப்பாவைத் திறந்ததும் பாச்சை உருண்டை வாசம் கண்ணைக் கரித்தது. பூச்சி அரிக்காமல் இருக்க அக்கா உள்ளே நிறையப் போட்டிருந்தாள். உருண்டைகள் கரைந்து தோலெல்லாம் வெள்ளைப் பொடி. தட்டிவிட்டு மாமாவிடம் கொடுத்தேன்.

"என்ன அம்முணி, பீரோ வாசம் வருது."

"கெடாம இருக்கறதுக்குங்க."

"நெருப்புல காட்டுனா போயிரும்" என்றார். கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டார். குட்டிகள் பிழைத்துவிட்டன என்று நினைத்தபடி அவர் பின்னால் நடந்தேன். கெட்டிக்காரத்தனம் செய்துவிட்ட சந்தோசம் எனக்கு.

வீட்டில் அடுப்பில் காட்டினார்கள். கல்லில் தேன் விட்டு உரசினார்கள். நான் தொட்டிக்குப் பக்கத்தில் போய்ச் சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கழுவினேன். ஏனென்றால் அக்கா சொல்லியிருந்தாள்: "இதைத் தொட்டா கையைக் கழுவாம வாய்ல வைக்காதே, விசம்." கழுவிக்கொண்டே வீட்டுக்குள் பார்த்தேன். மாமாவின் விரலில் இருந்த தேனைத் தம்பி சப்பிக்கொண்டிருந்தான்.

என் கையில் நுரை இருந்தது. அந்த நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது. வாயைத் திறந்திருந்தால் போதும். நெருப்பில் எல்லாம் போயிருக்கும் என்று மாமா சொன்னாரே, பெரியவர், அவருக்குத் தெரியாதா என்று நினைத்துக்கொண்டேன். என் கையை மட்டும் நன்றாகக் கழுவினேன்.

அப்பா திங்கட்கிழமை வேலைக்குப் போய்விட்டார். "மருந்துதான் கெடைச்சிருச்சே. ரெண்டு நாள் பாக்கலாம். லீவு அப்பறம் எடுத்துக்கறேன்." மருந்தை மூன்று வேளை கொடுத்தார்கள். ஒவ்வொரு வேளைக்கும் நான் வீட்டுக்கு வெளியே போய் நின்றேன்.

செவ்வாய்க்கிழமை தம்பி பால் குடிக்கவில்லை. வாந்தி. இருமல் குறைந்தது. இருமவே தெம்பில்லாமல் குறைந்தது என்று இப்போது புரிகிறது. அம்மா அன்று, "பாத்தியா, மருந்து கேக்குது" என்று பக்கத்து வீட்டில் சொன்னாள்.

அவனுக்கு மூத்திரத்துணியாகக் கட்டிவிட்டது கட்டிங் வேஸ்ட் துணி. நம் வீடுகளில் எல்லாக் குழந்தைகளும் அதில்தானே வளர்ந்தோம். கம்பெனியில் வெட்டிப்போட்ட பனியன் துண்டுகள், மிருதுவாக இருக்கும். பழுப்பு, பச்சை, நீலம் என்று எல்லாக் கலரும் கிடக்கும், ஈரம் பட்டால் சாயம் இறங்கும். அன்று ஒரு துணியில் கருந்தேயிலைத் தண்ணீர் நிறத்தில் கறை இருந்தது. அம்மா எடுத்துப் பார்த்து, "இந்தக் கலரும் போவுது பாரு, நம்பி வாங்கவே முடியல" என்று அலசிப் போட்டாள். சாயந்திரம் ஒன்று. புதன் காலையில் இன்னொன்று.

புதன் காலை அப்பா நைட் ஷிப்ட் முடிந்து வந்தார். கயிற்றில் கிடந்த துணியைத் தற்செயலாக எடுத்துக் கை துடைக்கப் போனவர் நின்றார். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். விரலால் தேய்த்தார். மோந்து பார்த்தார். பதினைந்து வருசம் சாயத்தில் நின்ற மனுசன்.

"இது எந்தத் துணி?"

"வேஸ்ட்டுத்தான். சாயம் போவுது."

"இது பிளீச் பண்ணுன வெள்ளை. சாயமே ஏறாத துணி. இதுல போறதுக்குச் சாயம் எங்கிருக்குது?"

அப்பா உள்ளே போய்த் தம்பியின் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். அங்கே சிவப்பே இல்லை. அவனைத் துணியோடு தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார். ஏழரை மணி கம்பெனி வேன் வந்துகொண்டிருந்தது. நடுரோட்டில் நின்று மறித்தார். அம்மாவும் ஏறினாள், நானும் ஏறினேன். என்னை இறங்கு என்று சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. வழியில் நிற்காமல் போகச் சொல்லி வேனில் இருந்த பெண்கள் எல்லோரும் டிரைவரிடம் சொன்னார்கள். அன்று அத்தனை பேருக்கும் லேட். விசயம் கேள்விப்பட்டு மாமா ஆஸ்பத்திரி வாசலுக்கே வந்துவிட்டார்.

டாக்டரம்மா தம்பியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "வீட்டுல என்ன குடுத்தீங்க?"

"ஒண்ணும் குடுக்கலீங்க" என்றாள் அம்மா. "தாய்ப்பால்தானுங்க."

"நாட்டு மருந்து? யாராச்சும் எதாச்சும் குடுத்திருப்பீங்க. திட்ட மாட்டேன், சொல்லுங்க."

"இல்லீங்க."

அப்பா ஜன்னலைப் பார்த்தார். மாமா தரையில் இருந்த ஒரு ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படித்தான் நாம். வீட்டுக்குள் செய்வதை வெள்ளைக் கோட்டு முன்னால் சொன்னால் மானம் போய்விடும். டாக்டரம்மா நோட்டில் எழுத ஆரம்பித்தார். அவர் எழுதி முடித்தால் முடிந்துவிடும் என்று எனக்குப் பட்டது. பேனா இரண்டாவது வரிக்கு வந்தது.

"பாச்சை உருண்டைங்க" என்றேன்.

பேனா நின்றது. "என்னது?"

"முள்ளெலித் தோலுங்க. அதுல பாச்சை உருண்டைப் பொடி இருந்துச்சு. டப்பாவ எடுத்துக் குடுத்தது நானுங்க. எனக்குத் தெரியும்."

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. அந்த விசத்தில் ரத்தம் உடைந்து மூத்திரத்தில் இறங்குகிறது என்றார்கள். மாமாதான் ரத்தம் கொடுத்தார். மூக்கில் குழாய் வைத்தார்கள். பதினோரு நாள் அங்கே இருந்தோம். மூன்றாம் நாள் தம்பி அழுதான். அழுகைச் சத்தம் கேட்டு வராந்தாவில் இருந்த மாமா அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்.

அம்மா என்னிடம் பல மாதம் சரியாகப் பேசவில்லை. டப்பாவைக் கொடுத்ததற்காக இல்லை. டாக்டர் முன்னால் தன்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டேன் என்பதற்காக.

நோட்டு அக்கா ஆஸ்பத்திரிக்கு வந்தாள். "டப்பாவைப் பூட்டி வெச்சிருக்கணும். என் தப்பு" என்று அப்பாவிடம் சொன்னாள். போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, "இடத்தைக் காட்டலைதானே?" என்றாள். நான் இல்லை என்று தலையாட்டினேன். என் தம்பி உள்ளே கிடக்கிறான், இவள் எதைக் கேட்கிறாள் என்று நெஞ்சு எரிந்தது. அவளுக்கும் அப்போது இருபத்துமூன்று வயதுதான் இருக்கும். அவளும் பயந்துபோய்த்தான் கேட்டாள் என்று இப்போது தோன்றுகிறது.

ஊரில் என்ன பேசினார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். காலேஜ்காரி காட்டுக்குள் விசம் வைத்தாள், அது பச்சைக்குழந்தைக்குப் போய்விட்டது. தகரப் போர்டைப் பிடுங்கிக் கிணற்றில் போட்டார்கள், நீங்களும் மதில்மேல் நின்று பார்த்திருப்பீர்கள். படலைப் பிரிக்கக் காட்டுக்காரர் மகன் ஆள் கூட்டிக்கொண்டு வந்தான். காட்டுக்காரர் அவனைப் படலுக்கு வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, நோட்டு அக்காவோடு உள்ளே போனார். அதற்குள் குட்டிகள் கண் திறந்திருந்தன. உள்ளங்கையில் ஒன்றை வைத்துப் பார்த்தாராம். வெளியே வந்து, "இந்த நாலு ஏக்கரை மட்டும் உட்ரு. நான் இருக்கற வரைக்கும்" என்றாராம். அவர் போய்ப் பல வருசமாகிவிட்டது. ஏனோ மகனும் இதுவரை தொடவில்லை. இரண்டு பக்கமும் கம்பெனி ஷெட் வந்துவிட்டது, நடுவில் அது மட்டும் கிடக்கிறது. வேறு காலேஜ் பிள்ளைகள் இன்னும் வருகிறார்கள். நான் அதற்குப் பிறகு வேலிக்குள் நுழையவில்லை.

தம்பி வளர்ந்து எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சன்டைசர் ஆகி, கல்யாணமாகி, போன வருசம் அவனுக்கு ஒரு பெண்குழந்தை பிறந்தது. எங்கள் வீட்டில் கதை எப்படி ஆகிவிட்டது தெரியுமா? முள்ளெலித் தோல்தான் அவனைக் காப்பாற்றியதாம். பாச்சை உருண்டை வாசம் இல்லாமல் இருந்திருந்தால் ஆஸ்பத்திரிக்கே போயிருக்க வேண்டாமாம். மாமா இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறார். தன் ரத்தத்தைக் கொடுத்ததைச் சொல்வதே இல்லை.

போன ஐப்பசியில் அம்மா எனக்குப் போன் செய்தாள். குழந்தைக்கு இருமல்.

"கண்ணு, அந்தக் காட்டுல இன்னும் இருக்குதா? புதுசா ஒண்ணு கெடைச்சா நல்லாருக்கும். எடம் தெரிஞ்சவ நீதான்."

கம்பெனியில் செக்கிங் டேபிள் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். சுற்றிலும் ஆட்கள்.

"தெரியும்மா. சொல்ல மாட்டேன்" என்றேன். "ஊசியெல்லாம் போட்டாச்சா?"

"அது ஒண்ணு பாக்கி."

பாதி நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தேன். தம்பி, அவன் மனைவி, அம்மா, குழந்தை எல்லோரும் ஆட்டோவில் வந்தார்கள். டாக்டர் இளைஞர். குழந்தையின் நெஞ்சில் குழாயை வைத்துக்கொண்டே கேட்டார்: "வீட்டுல ஏதாவது குடுத்தீங்களா?"

தம்பி தரையைப் பார்த்தான். அவன் மனைவி அவனைப் பார்த்தாள். அந்த இடைவெளி எனக்குத் தெரிந்த இடைவெளி. நான் வாயைத் திறக்கப் போனேன்.

அதற்குள் பின்னாலிருந்து அம்மா சொன்னாள்.

"தொளசிச் சாறு ஒரு சொட்டுக் குடுத்தேனுங்க சாமி. வேற ஒண்ணும் குடுக்கலீங்க. குடுத்திருப்பேன். இதா நிக்கறாளே, எம் பொண்ணு, எடத்தைச் சொல்ல மாட்டேனுட்டா."